சேர்ந்த தேதியைக் குறித்து வை, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

பொள்ளாச்சிப் பக்கம் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். பாடம் நடத்துவதை வகுப்பே உனக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். வயதான காலத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பொள்ளாச்சிச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1955இல், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்தே வந்தன. நாட்டிலேயே அதில் முந்திக்கொண்டது நம் மாநிலம். பிற்பாடு பெருகிய சுயநிதிப் பள்ளிகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பணிக்கொடை வாங்கவே எத்தனை இழுபறி! சட்டம் சொல்லும் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2022 ஆகஸ்டில்தான் தள்ளுபடியானது. கடைசிச் சம்பளம் 13,000, சர்வீஸ் 20 வருடம் என்றால் 1,50,000 ரூபாய் வரவேண்டும். அது நிர்வாகம் மனமிரங்கிக் கொடுப்பதல்ல, நீ உழைத்த காசு.

ஆனால் சர்வீஸுக்குச் சான்று வேண்டுமே. சில பள்ளிகளில் ஏப்ரலில் கணக்கை முடித்து, ஜூனில் புது ஆர்டர் தருவார்கள். ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய பதிவேட்டில் ஒரு தொகை இருக்கும், கையில் வருவது வேறாக இருக்கும். ஆர்டரின் நகலை வாங்கி வை. சம்பளத்தைப் பேங்கில் போடச் சொல்லிக் கேள். தயங்காதே.

எனக்கு அதிகம் வலிப்பது பி.எஃப். விஷயம். கல்யாணம், பிரசவம் என்று வேலையை விடும்போது, கைச்செலவுக்கு ஆகட்டுமென்று ஓய்வூதியப் பணத்தையும் துடைத்து எடுத்துவிடுகிறோம். 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். குழந்தைக்கு முன் 7 வருடம், பின் 7 வருடம் வேலை பார்த்தவள் இடையில் எடுத்துவிட்டால் பென்ஷனே இல்லை. எடுக்காமல் 10சி படிவத்தில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கியிருந்தால் 14 வருடமும் சேரும். கடைசி 5 வருடச் சராசரிச் சம்பளம் 15,000 என்றால், 14ஆல் பெருக்கி 70ஆல் வகுத்துப் பார்: 58 வயதிலிருந்து மாதம் 3,000. சிறு தொகைதான். ஆனாலும் மருந்துக்கு மகனிடம் கை நீட்டாத தொகை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டரையும் பி.எஃப். பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு போன் பண்ணு. இரண்டிலும் சேர்ந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், கோவை