விடுமுறைப் பகலில் தம்பி தங்கையருடன்

பள்ளி விடுமுறை என்றாலே நம் உள்ளம் துள்ளும். ஆனால் முதல் வாரம் கழிந்ததும், “அக்கா, பொழுதே போகவில்லை” என்ற குரல் வீட்டில் எழும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பெற்றோர் மல்லாட்டை பிடுங்கக் கொல்லைக்குச் சென்றுவிட்டால், சிறுவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மில் பலருக்கு வந்து சேரும்.

இது சிறிய பொறுப்பன்று. சலிப்படைந்த பிள்ளை கத்திரி வெயிலில் சுற்றும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றை எட்டிப் பார்க்கும், ஏரிக்கு ஓடும். கோடையில் சிறுவர் நீரில் மூழ்கிய துயரச் செய்திகளை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆகவே அவர்களை வீட்டு நிழலில் மகிழ்வோடு இருத்துவது உயிர் காக்கும் பணியே. அதற்கு விலையுயர்ந்த பொம்மையோ கைப்பேசியோ வேண்டியதில்லை. “அடுத்து என் முறை” என்று காத்திருக்கும் பிள்ளை எழுந்து ஓடாது.

1. பல்லாங்குழி

பலகை இல்லாவிடில் தரையில் சுண்ணக்கட்டியால் வரிசைக்கு 7 வீதம் இரு வரிசையில் 14 வட்டங்கள் வரைவோம். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள் போதும். தன் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துத் தொடரலாம். அக்குழி வெறுமையாயின், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியிலுள்ளவற்றை வென்றெடுக்கலாம். பின் எதிராளியின் முறை. ஆடுகையில் ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். சின்னப் பிள்ளை இதில் எண்ணப் பழகும். பெரிய பிள்ளை மனக்கணக்குப் பழகும். இதற்கு உறவான ஆட்டங்கள் மலேசியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் உண்டு.

2. ஐந்தாங்கல்

ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிலுள்ளவற்றை முதலில் ஒவ்வொன்றாக, பின் இரண்டிரண்டாக, அதன்பின் மூன்றும் ஒன்றுமாக, முடிவில் நான்கையும் சேர்த்து அள்ள வேண்டும். கண்ணும் கையும் ஒன்றுபடும். சங்ககாலப் பெண்கள் கழற்சிக்காய் கொண்டு ஆடிய ‘கழங்கு’ இதற்கு மூத்த ஆட்டம். கீழடி அகழாய்விலும் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. நம் முன்னோரும் ஆடி மகிழ்ந்தவர்களே!

3. ஓலைக் காற்றாடி

பனையோலையில் இரு துண்டுகளைக் குறுக்காக வைத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகினால் காற்றாடி தயார். முள்ளை நாமே செருகித் தருவோம். மாலையில் வெயில் தாழ்ந்தபின் தெருவில் ஓடிச் சுழற்றட்டும்.

நினைவில் கொள்வோம்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் கொட்டையோ கல்லோ தரலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அழகாயிருக்கிறதென்று குன்றிமணியை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது. கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுவதைப் பிள்ளைகளிடமே விடுவோம். அதுவும் அவர்களுக்கு ஓர் ஆட்டம்தான்.

புனித ஜான் போஸ்கோ சிறுவயதில் கயிற்றின் மேல் நடந்தும் கண்கட்டு வித்தை காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களோடு செபித்தார். விளையாட்டின் வழியாகவே அவர்களின் அன்பைப் பெற்றார். நம் தம்பி தங்கையருக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம். தரையில் நம்மோடு அமரும் ஓர் அக்கா போதும். இவ்விடுமுறையில் நாம் அந்த அக்காவாக இருப்போமாக!