ஒன்பதாம் வகுப்புக்குத் தேவையான சொல்வளம்: சேர்ப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் பாடநூல் திடீரெனக் கடினமாகிவிட்டதாகப் பல மாணவர்களுக்குத் தோன்றுகிறது. பாடக்கருத்தைவிட, அதைச் சொல்லும் மொழியே பல நேரம் அவர்களைத் தடுக்கிறது. முடுக்கம், திசைவேகம் போன்ற கலைச்சொற்களை நூலே விளக்கிவிடும். காரணி, விளைவு, சார்ந்து, ஒப்பிடுக, வேறுபடுத்துக, நிறுவுக போன்றவற்றை யாரும் விளக்குவதில்லை. தெரிந்திருக்கும் என்றே எல்லாரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஒப்பிடச் சொன்னால் ஒற்றுமையையும் வேற்றுமையையும் எழுத வேண்டும், வேறுபடுத்தச் சொன்னால் வேற்றுமை மட்டும் போதும் என்பது தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. ஐசபெல் பெக் முதலிய அமெரிக்கக் கல்வியாளர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடப் பேச்சில் வருபவை, பல பாடங்களிலும் வரும் எழுத்துவழக்குச் சொற்கள், ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள். வகுப்பறையில் அதிகக் கவனம் பெற வேண்டியது நடு அடுக்கு என்றார்கள். ஆகவே, முதல் படி தேர்வு. இரண்டு பாடங்களிலாவது கண்ணில் பட்ட, ஆனால் தெளிவாகப் பொருள் சொல்ல முடியாத சொற்களை மட்டும் எடுங்கள். வாரத்துக்குப் பத்துச் சொல் போதும்.

இரண்டாம் படி, எடுத்த சொல்லை அதன் உறவுகளோடு எழுதுவது. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் வேரிலிருந்து கிளைப்பவை என்பதால் இந்த உழைப்புக்குப் பலன் அதிகம். ‘விலகு’ என்ற வினையை அறிந்தவருக்கு ஒளிவிலகலும் திட்டவிலக்கமும் அந்நியமாகத் தெரியாது. வெப்பமானியில் உள்ள ‘மானி’ அளக்கும் கருவி என்று புரிந்தால், காற்றழுத்தமானியின் வேலையைத் தாமே ஊகிக்கலாம். பிறகு, பாடநூலில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டு, அகராதியைப் பாருங்கள். 1992இல் முதலில் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருவதால் பள்ளி மாணவருக்கு ஏற்றது. அடுத்து, அதே சொல்லை வைத்து வேறொரு பாடத்திலிருந்து சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் சொல் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி நினைவுகூர்தல். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் சோதனைகளால் காட்டினார். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, நூலைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே சொல்லைப் பத்து முறை பார்த்து எழுதுவதை விடுங்கள். சிறு அட்டையின் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதி, பொருளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டையை மூன்று நாள் கழித்தும், பிறகு ஒரு வாரம், ஒரு மாதம் கழித்தும் எடுங்கள். தவறிய அட்டை மறுநாளே திரும்பி வரட்டும்.

நிறையப் படித்தாலே சொற்கள் தாமாக வந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். வரும், வாசிப்புக்கு இணையான ஊற்று வேறில்லை. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்ட சொல் எளிதில் நிலைக்காது. அதே சொல் மறுபடி எதிர்ப்படப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியை அட்டைகள் நிரப்புகின்றன. பாடச்சுமைக்கு நடுவே நேரம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். நாளுக்குப் பத்து நிமிடம் இதற்குப் போதும். வினாவைப் புரிந்துகொள்ளத் திணறும் நேரம் குறைவதால் அது எல்லாப் பாடங்களிலும் ஈடாகிவிடும். குறிப்பேட்டில் எத்தனை சொல் சேர்ந்தது என்று எண்ண வேண்டாம். வாரக் கடைசியில், அந்த வாரச் சொற்களில் ஐந்தையாவது பயன்படுத்தி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். தடையின்றி எழுத வந்த சொற்களே உங்களுடையவை. மற்றவற்றை அடுத்த வார அட்டைகளோடு சேர்த்துவிடுங்கள்.