மேற்குத் தொடர்ச்சி மலையும் நம்ம கரிசல் காடும்



உலகப் பாரம்பரியச் சின்னம் எது என்று கேட்டால் தாஜ்மகால், மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் என்று நாம் அடுக்கி விடுவோம். மலையும் காடும்கூட அந்தப் பட்டியலில் உண்டு என்பதும், அதில் ஒரு பகுதி நம் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதும் நம்மில் பல பேருக்குத் தெரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கண்ணில் படுவது கரிசல் மண்ணும், கண்மாயும், சீமைக் கருவேலமும்தான். மலை என்றால் வசதியானவங்க கோடையில் போகிற இடம் என்று நினைத்து விடுகிறோம். அந்த மலைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாரம்பரியச் சின்னம் என்றால் என்ன?

உலகம் முழுவதற்கும் சொந்தமாகக் கருதிக் காப்பாற்ற வேண்டிய இடங்களுக்காக யுனெஸ்கோ நிறுவனம் 1972-ல் ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. இந்தியா 1977-ல் அதை ஏற்றுக்கொண்டது. பட்டியலில் மூன்று வகை உண்டு:

அ) பண்பாட்டுச் சின்னம் – மனிதன் உருவாக்கியது. (எ-டு: மாமல்லபுரம், 1984)
ஆ) இயற்கைச் சின்னம் – காடு, மலை, கடல் போன்றவை.
இ) இரண்டும் கலந்தது – சிக்கிமில் உள்ள கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா, 2016-ல் இந்த வகையில் சேர்ந்தது.

இதற்கு மொத்தம் 10 தகுதிகள் வகுத்திருக்கிறார்கள். முதல் ஆறு பண்பாட்டுக்கு, கடைசி நான்கு இயற்கைக்கு. அவற்றில் ஒன்றிலாவது தேற வேண்டும்.

2. மலையின் பெருமை

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். இடையில் பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் 30 கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. வயதில் இது இமயமலைக்கு மூத்தது. 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, இம்மலையை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. மலை முழுவதையும் சேர்க்கவில்லை. தேர்ந்தெடுத்த 39 காட்டுப் பகுதிகளை மட்டும் சேர்த்தார்கள். பரப்பு ஏறத்தாழ 7.95 லட்சம் ஹெக்டேர். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களில் குறைந்தது 325 வகைகள் இங்கே வாழ்கின்றன. நம் மாநில விலங்கான வரையாடும், சிங்கவால் குரங்கும் அவற்றில் அடங்கும்.

3. மலை ஏறும் ரயில்

அதே மலைத்தொடரில் மனிதனின் கைவேலைக்கும் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. அதுதான் நீலகிரி மலை ரயில். 1999-ல் டார்ஜிலிங் மலை ரயில் பட்டியலில் ஏறியது. 2005-ல் நீலகிரி ரயிலையும் அதோடு சேர்த்தார்கள். மெக்கானிக்கல் படிக்கிற நாம் இதைச் சும்மா விடலாமா?

மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம்; உதகை 2,203 மீட்டர். 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,877 மீட்டர் ஏறியாக வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 12 அடி போனால் 1 அடி ஏறுகிற சரிவு வருகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் இவ்வளவு செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த பட்டைகள் பதித்தார்கள். எஞ்சின் அடியில் உள்ள பற்சக்கரம் அதில் கோத்துக்கொண்டு ஏறும். நம்ம வொர்க்ஷாப் லேத்தில் கைச்சக்கரத்தைச் சுற்றினால் கேரேஜ் நகருதே, அதே ரேக் அண்ட் பினியன் தத்துவம்தான்! இங்கே பட்டை இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் இன்னொன்றின் பள்ளம் வருமாறு மாற்றி வைத்திருப்பதால், பிடி எந்த நேரமும் விடுவதில்லை. இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். எஞ்சினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மற்ற இரண்டு பற்சக்கரத்தை ஓட்டும். ஏறும்போது எஞ்சின் கீழே நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும்.

1891-ல் தொடங்கிய வேலை 1908-ல் உதகையில் முடிந்தது. எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. ஆனால் 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இதற்குப் புதிய நீராவி எஞ்சின்கள் செய்திருக்கிறார்கள். ஒரு ஃபிட்டர், ஒரு டர்னர் கையில் இருக்கிற தொழிலும் பாரம்பரியம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

4. நம்ம மாவட்டத்தின் பங்கு

மேலே சொன்ன 39 பகுதிகளில் ஒன்று, சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் ஏற்பட்ட ஶ்ரீவில்லிபுத்தூர் வனவிலங்கு சரணாலயம். 2021-ல் இது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆடி அமாவாசைக்கு நம்ம ஊர்களிலிருந்து வேன் பிடித்து வத்திராயிருப்பு, தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி போகிறோமே, அந்த மலை இந்தச் சரணாலயத்துக்குள்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் படித்து வியக்கிற காட்டில், நம்ம அப்பத்தா மஞ்சப்பையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி இறங்கியிருக்காங்க!

5. தண்ணீர்க் கணக்கு

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலை தடுத்து மேற்குப் பக்கமே கொட்ட வைக்கிறது. கிழக்கே மழை மறைவில் இருக்கிற நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் கதி. 'அப்படின்னா மலையால் நமக்கு நஷ்டம்தானே?' என்று கேட்கலாம். நமக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்:

அ) குண்டாறு: திருச்சுழியைத் தொட்டு ஓடும் இந்த ஆறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளையான வருசநாட்டு மலையின் கிழக்குச் சரிவில் பிறக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் மணலாகக் கிடந்தாலும், வெள்ளம் வந்தால்தான் கரையோரக் கிணறு ஊறும்.

ஆ) வைகை: அருப்புக்கோட்டைக்குக் குழாயில் வரும் குடிநீரில் ஒரு பங்கு வைகைத் தண்ணீர். பென்னிகுக் கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் தண்ணீரும் அதில் கலந்திருக்கிறது. அந்த அணை நிற்கும் பெரியாறு காடும் 39-ல் ஒன்று.

இ) தாமிரபரணி: நம் குடிநீரின் இன்னொரு பங்கு. இது பிறக்கும் பொதிகைமலைக் காடும் பட்டியலில் இருக்கிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்தது.

தாமிரபரணி எப்படி வற்றாமல் ஓடுகிறது? மழை இரண்டு பருவத்திலும் கிடைக்கிறது. அதோடு, உச்சியில் உள்ள சோலைக்காடும் புல்வெளியும் பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன. மொட்டை மலையில் பெய்கிற மழை ஒரே நாளில் மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடிவிடும். நம்மிடம் அணை இருக்கலாம், குழாய் இருக்கலாம், மோட்டார் இருக்கலாம். மேலே காடு இல்லை என்றால் அவற்றில் ஓட என்ன இருக்கும்? காடு அழிவது எங்கோ உயரத்தில் நடக்கும். குடம் காலியாவது நம்ம தெருவில்.

6. நாம் என்ன செய்யலாம்?

i) சதுரகிரி போனால் பாலிதீன் பையையும் பாட்டிலையும் மலையில் விட்டுவிட்டு வரக்கூடாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ii) காடு என்பது விலங்கு மட்டும் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் பளியர் மக்களும் சேர்ந்ததுதான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களை ஒதுக்கிவிட்டுக் காட்டைக் காப்பது என்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

iii) மலையில் ரோடு, பாலம், சுரங்கம் போடும் வேலைக்கு நாளை நம்மில் சில பேர் போவோம். எஸ்டிமேட் போடும்போது வெட்டுகிற மரத்தையும் மறிக்கிற ஓடையையும் செலவுக் கணக்கில் எழுதப் பழகணும்.

iv) நம்ம ஊர்க் கண்மாயும் வரத்துக் காலும் மலைத் தண்ணீரின் கடைசிப் படி. அதைத் தூர்க்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

நண்பர்களே! என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் இங்கே நிறைய பேர். தண்ணீர் பிடிக்கக் காத்திருக்கும் நம் அம்மாக்களுக்கு யுனெஸ்கோ என்ற பேர் தெரியாது. ஆனால் தண்ணீரின் அருமை நம்மைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இந்தத் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பதை நாம் சொன்னால், அந்தக் காட்டுக்கு ஓர் ஆபத்து என்று வரும்போது கரிசல் காட்டிலிருந்தும் குரல் எழும். படித்ததை வீட்டில் சொல்லுங்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை