வானத்து ஒற்றன்

பகைவர் படை எங்கு நிற்கிறது, எத்திசையில் நகர்கிறது என அறிவது போர்க்கலையின் முதற்படியாகும். குதிரை வீரரும் பலூனில் ஏறியவரும் செய்துவந்த இப்பணியை விமானம் ஏற்றபோது சிக்கலொன்று எழுந்தது. தொடக்கக்கால விமானங்கள் பலவற்றை விமானி இடைவிடாது திருத்தித் திருத்தியே செலுத்த வேண்டியிருந்தது. கருத்து முழுவதும் பறப்பதிலேயே செலவானால் நிலத்தை நோக்குவது எங்ஙனம்?

பழுதுபார்ப்பில் பிறந்த புதுமை

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இயங்கிய படைத்துறைத் தொழிற்சாலைக்குப் புதிய விமானம் கட்டும் உரிமை இல்லை. பழுதுபார்க்கவே இசைவு இருந்தது. ஆகவே, பழைய வுவாசான் விமானமொன்றைச் செப்பனிடுவதாகக் கூறி, அதன் எஞ்சினைக் கொண்டு 1911 இல் பி.இ.1 என்னும் இரட்டை இறக்கை விமானத்தை உருவாக்கினர். அதனை வடிவமைத்தவர் ஜெஃப்ரி டி ஹேவிலண்ட். அதன் வழிவந்த பி.இ.2, 1912 ஆகஸ்டில் பயணி ஒருவருடன் 10,000 அடிக்கு மேல் உயர்ந்தது.

தானே நிமிரும் விமானம்

அத்தொழிற்சாலையின் பொறியாளர் எட்வர்ட் பஸ்க், விமானம் தானாகவே நிலைகொள்ளும் வழியை ஆராய்ந்தார். இறக்கைகளை நுனிநோக்கிச் சற்று மேலேற்றி அமைத்தால், விமானம் ஒருபுறம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கை மிகுதியான தூக்குவிசை பெற்று நிமிரும். இத்தகைய ஆய்வுகளின் பயனாக 1914 இல் பி.இ.2சி உருவாயிற்று. அவ்வாண்டு ஜூனில் செஃப்டன் பிராங்கர் என்னும் படை அதிகாரி அதில் நெதரேவன் நோக்கிச் சென்றார். உயரம் எட்டியபின் அவர் கருவிகளைத் தொடவே இல்லை. வழிநெடுகக் கண்ட நிலக்காட்சிகளைக் குறித்துக்கொண்டே சென்றார்!

நிறையே குறையாதல்

முதல் உலகப்போரில் நிலைமை மாறியது. 1915 இல் ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்கள், சுழலும் விசிறியின் இடைவெளியூடே சுடும் துப்பாக்கியுடன் வந்தன. தப்பிக்கச் சட்டென வளைந்து திரும்ப வேண்டும். நிலைப்பையே இயல்பாகக் கொண்ட பி.இ.2சியோ எளிதில் திரும்பவில்லை. வேவு பார்ப்பவர் முன்னிருக்கையில், இறக்கைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே அமர்ந்ததால், திருப்பிச் சுடுவதும் அரிதாயிற்று. விமானிகள் பலர் உயிரிழந்தனர்.

இதனைக் காணப் பஸ்க் இல்லை. 1914 நவம்பர் 5 அன்று, அவர் ஓட்டிய பி.இ.2சி வானிலேயே தீப்பற்றியதில் 28 வயதில் மாண்டார். அவர் வகுத்த நிலைப்பு நெறி பிழையன்று. அமைதியான வானுக்கென வகுத்ததைப் போர்வானுக்கு அனுப்பியதே பிழை. ஒரு கருவியை மதிப்பிடும்போது, அது எச்சூழலுக்காக உருவாக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.