தெளிவாக இருக்கும் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் டீசல் கார் வாங்கி 3 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்கூட ஓடாது, அதுவும் ஊருக்குள்தான். இந்த முறை சர்வீஸில் இன்ஜின் ஆயிலோடு பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் ஆயில் தெளிவாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஆயிலோ மாற்றிய சில வாரங்களிலேயே கறுத்துவிடுகிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது? அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம்.
– வாசகர், நாமக்கல்

பதில்: நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. எரியும்போது உண்டாகும் கரியை எங்கும் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பதுதான் அந்த ஆயிலின் வேலை.

பிரேக் ஆயில் அதற்கு நேர்மாறு. தெளிவாக இருக்கும்போதே கெட்டுப்போயிருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் போகும். ஆகவே குறைவாக ஓடிய வண்டி என்பது இங்கே கணக்கில் வராது. டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தபடி வந்தால் அந்தச் சூடு காலிப்பருக்கு ஏறிவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கும் விசையெல்லாம் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் தரைவரை போகும். அடிவாரத்தில் வண்டி ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் பார்த்தாலும் கோளாறு தெரியாது. எனக்குப் பெரிய கவலையே இதுதான்.

பேனா வடிவ டெஸ்டர் ஆயிலின் மின்கடத்தும் திறனை வைத்து ஈரத்தைக் கணிக்கிறது. 3 சதவீதம் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். அது சோதிப்பது மேலே டப்பாவில் உள்ள ஆயிலை. சக்கரத்தருகே கிடப்பது இன்னும் மோசமாக இருக்கலாம். ஆயிலைச் சூடாக்கிக் கொதிநிலையையே அளக்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அந்த அளவை நம்பலாம். கருவி எதுவும் கிடைக்காவிட்டால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே பாதுகாப்பு. உங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது.

இன்ஜின் ஆயிலுக்குக் கையேடு சொல்லும் கிலோமீட்டர் அல்லது காலம், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. ஆனாலும் ஆயில் கம்பியை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவதை மட்டுமல்ல, ஏறுவதையும் கவனியுங்கள். பிஎஸ்-6 டீசல் வண்டி ஊருக்குள்ளேயே ஓடினால், டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கிவிடும். அளவு ஏறி டீசல் நெடியும் அடித்தால், கெடு வரும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பிரேக் ஆயில் மாற்றும்போது சீல் உடையாத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பாதி ஊற்றி வைத்த பழைய டப்பாவை அனுமதிக்காதீர்கள். அதிலும் ஈரம் ஏறியிருக்கும்.