மிடிக்கு எந்தக் குரல்?

மிடிக் கோப்புக்குள் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும். விண்டோஸ் அந்த ஆளைக் கூடவே கொண்டுவருகிறது. லினக்ஸில் பெரும்பாலும் நாமே தேடிவைக்க வேண்டும்.

கிளிவெட்டியில் வாணி விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கீபோட் வாசிக்கும் பிள்ளையிடம் இருப்பது ஒரு பழைய லப்டொப்பும் போன் டேற்றாவும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எது பொருந்தும்?

மிடிக் கோப்பைக் கேட்கவும் சாதாரண ஒலிக்கோப்பாக மாற்றவும் மட்டும் என்றால் டிமிடிட்டி போதும். 1995இல் ஃபின்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கிய பழைய மென்பொருள் அது. கீபோட்டையும் அதனோடு இணைக்கலாம்தான். ஆனால் கட்டையைத் தொட்ட பிறகு சத்தம் வரச் சுணங்கும். மேடைக்குச் சரிவராது.

வாசிப்பதற்கு என் தெரிவு ஃபுளூயிட்சிந்த். கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் க்யூசிந்த்தையும் சேர்த்துப் போடட்டும்; பொத்தான்களோடு வரும். இதற்குக் குரல் தருவது சவுண்ட்ஃபொண்ட் என்ற ஒலி மாதிரித் தொகுப்பு. பலரும் சொல்லும் ஃபுளூயிட் ஆர்3 ஏறத்தாழ 140 மெகாபைட்; டேற்றாவையும் தின்னும், நினைவகத்தையும் தின்னும். டிம்ஜிஎம் வெறும் 6 மெகாபைட்; பழக அது போதும், பியானோ மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 மெகாபைட்டில் ஜெனரல்யூசர் ஜிஎஸ் இருக்கிறது. நான் எடுப்பது அதைத்தான்.

யூஎஸ்பி கீபோட் பெரும்பாலும் டிரைவர் கேட்காது. செருகியும் சத்தம் இல்லையென்றால் மென்பொருளைக் குறை சொல்லவேண்டாம்; கீபோட்டையும் ஃபுளூயிட்சிந்த்தையும் இன்னும் இணைக்கவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். இணைப்புகளைக் காட்டும் க்யூஜாக்கன்ட்ரோல் என்ற மென்பொருளில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. சத்தம் சுணங்கினால் பஃபரையும் பாருங்கள்: 48000 ஹெர்ட்ஸில் 1024 பிரேம் என்றால் ஒரு பஃபருக்கே 21 மில்லிசெக்கன் போய்விடும், 256 என்றால் 5 சொச்சம். குறைத்ததும் ஒலி கரகரத்தால் ரிவேர்ப், கோரஸ் இரண்டையும் அணைத்துப் பார்த்துவிட்டு, பிறகு 512க்கு வாருங்கள்.

இனி நம்முடைய சிக்கல். 1991இல் வந்த ஜெனரல் மிடிப் பட்டியலில் 128 வாத்தியங்கள். 105ஆவதாக சிதார், 112ஆவதாக ஷெனாய். நாதஸ்வரமும் வீணையும் மிருதங்கமும் இல்லை. ஷெனாயை எடுத்து, பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கமகம் கொடுத்து ஓரளவு ஒப்பேற்றலாம். சக்கரம் வழக்கமாக இரண்டு அரைச்சுரம் மட்டுமே இழுக்கும். இந்த எல்லையைக் கூட்ட முடியும். அதைவிட முக்கியம், பெண்ட் அந்தச் சனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்து இழுக்கும் என்பது. ஆகவே சுருதியை வேறு சனலில் வையுங்கள், இல்லாவிட்டால் கமகம் போடும்போதெல்லாம் ஆதார ஸட்ஜமும் ஆடும்.

பட்டியலில் இல்லாத குரலை நாமே உருவாக்க சின்ஆட்சப்எஃப்எக்ஸ் இருக்கிறது. 2009இல் அதிலிருந்து பிரிந்த யோஷிமியும் இருக்கிறது. பெரிய மாதிரித் தொகுப்பு வேண்டாம், ஒலியைக் கணக்கிட்டே தருகின்றன. டேற்றா மிச்சம்; பழைய புரொசசர்தான் திணறும். நீண்டு நிற்கும் பேட் ஒலிகளுக்கு இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வாசிக்காமல் வீட்டிலிருந்தே பாட்டமைப்பவர் எல்எம்எம்எஸ் ஒன்றையே போட்டுக்கொள்ளலாம். சவுண்ட்ஃபொண்ட் வாசிப்பானும் சின்ஆட்சப்எஃப்எக்ஸும் அதற்குள்ளேயே வருகின்றன.