மருந்தடித்தவரின் நரம்புகள்: குடும்பத்தார் கவனிக்க வேண்டிய மூன்று கட்டங்கள்

பூச்சிக்கொல்லியை நம் ஊர்களில் ‘மருந்து’ என்றே சொல்கிறோம். ‘மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்னும்போது அதன் கொடுமை நம் மனத்தில் பதிவதில்லை. பயிருக்கு மருந்தாக இருப்பது தெளிப்பவரின் நரம்புகளுக்கு நஞ்சாகிறது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில், 2017ஆம் ஆண்டு, பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டனர். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பாதிக்கப்பட்டவர் முதல் நாள் ஆபத்தைக் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகக் குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. ஆனால் மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள் நரம்புகளை வெவ்வேறு காலத்தில் தாக்கக்கூடியவை. அந்தக் காலவரிசையை அறிந்திருப்பது உயிர்காக்கும்.

நரம்பில் நிகழ்வது என்ன?

நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தியைக் கொண்டுசெல்வது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். செய்தி சேர்ந்தவுடன் அதைச் சிதைத்து அகற்றுவது கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதி. பூச்சிக்கொல்லி இந்த நொதியை முடக்கிவிடுகிறது. மடையை அடைக்க ஆளில்லாத வாய்க்காலைப் போல, செய்தி நில்லாமல் பாய்கிறது. சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன. தசைகள் துடிதுடித்துப் பின் சோர்ந்துவிடுகின்றன.

நஞ்சு வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஒழுகும் தெளிப்பான் முதுகை நனைக்க, அந்த ஈர உடையுடனேயே மாலைவரை வேலை செய்பவருக்கு ஆபத்து மிகுதி. வெயிலில் வியர்த்த தோல் நஞ்சை இன்னும் எளிதாக உறிஞ்சும்.

முதற்கட்டம்: முதல் சில மணி நேரம்

மிகுந்த வியர்வை, எச்சில் வடிதல், கண்ணீர், வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், பார்வை மங்கல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். வேலையிடையே தலைவலியும் மயக்கமும் வந்தால் ‘வெயில் தாங்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான நிலையில் வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படலாம்.

இரண்டாம் கட்டம்: முதல் நாள் முதல் நான்காம் நாள் வரை

1987ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் பத்து நோயாளிகளை ஆராய்ந்து இக்கட்டத்தை உலகுக்கு விளக்கினர். முதற்கட்டம் தணிந்து, நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசைகளும் வலுவிழந்தன. இதை இடைநிலைத் தசைத் தளர்ச்சி எனலாம்.

முதற்கட்டத்தில் தரப்படும் அட்ரோபின், சுரப்புகளையும் குறைந்த நாடித்துடிப்பையும் சீராக்கும். தசைகளின் தளர்ச்சியை மாற்றாது. ஆகையால், ‘வாந்தி நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?’ என்று கேட்கும் நோயாளியை மருத்துவர் மேலும் சில நாள் தங்கச் சொல்வதில் காரணம் உண்டு. அருகிலிருப்பவர் ஓர் எளிய சோதனை செய்யலாம்: படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றாலோ, விழுங்குவதும் பேசுவதும் தடுமாறினாலோ, உடனே செவிலியரை அழையுங்கள். உரிய நேரத்தில் செயற்கைச் சுவாசம் தந்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுவர்.

மூன்றாம் கட்டம்: இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பின்

இது எல்லாருக்கும் வருவதன்று. சில வகை நஞ்சுகள், பெரும்பாலும் மிகுந்த அளவில் உடலில் சேர்ந்தபின் வருவது. கால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகளின் முனைகள் சிதைகின்றன. முதலில் கெண்டைக்காலில் வலியும் பிடிப்பும், பாதங்களில் மதமதப்பும் தோன்றும். பின்னர்ப் பாதம் தொங்கி, நடக்கையில் செருப்பு நழுவும்; கைகளும் வலுவிழக்கலாம். இதை முறிக்கும் மருந்து இல்லை. இயன்முறைப் பயிற்சியும் பாதத்தைத் தாங்கும் பட்டையும் துணைசெய்யும். மீட்சிக்குப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்குக் குறை நிலைத்துவிடும். மறதி, கவனக்குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு போன்றவை நீடித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றைச் சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டா.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. நனைந்த உடைகளை உடனே களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட உடல் முழுவதையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உங்கள் கைகளுக்கு உறையோ பிளாஸ்டிக் பையோ அணிந்துகொள்ளுங்கள்.
2. வாந்தியெடுக்கத் தூண்டாதீர்கள். நினைவு மங்கியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள்.
3. மருந்துப் புட்டியை மூடி, பையிலிட்டு எடுத்து வாருங்கள். அதிலுள்ள பெயரும் முக்கோண நிறமும் மருத்துவருக்கு உதவும். சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் படிப்படியாகக் குறையும். பச்சை நிறமும் தீங்கற்றது என்று பொருளன்று.
4. தெளித்தவரின் உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

மீண்டும் வயலுக்கு

இக்கேள்வியே குடும்பங்களுக்குக் கடினமானது. நாள் கூலி நின்றால் அடுப்பும் நிற்கும். எனினும் முடங்கிய நொதி மெல்லவே மீளும். இரத்தச் சிவப்பணுக்களில் அது முழுமையாகத் திரும்ப மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில், முன்பு தாங்கிய சிறு அளவும் ஆளைச் சாய்த்துவிடும். கோலின்எஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் இசைவு தரும்வரை, களையெடுப்பு, நீர்ப்பாய்ச்சல் போன்ற வேறு வேலைகளைக் கேட்டுப் பெறுங்கள். புதிதாக மருந்தடித்த வயலில் அவ்வேலைகளையும் தவிருங்கள். வேலை தருபவரிடம் காட்டுவதற்கு மருத்துவச் சான்று வேண்டுமெனில், வெளியேறும் நாளன்றே தயங்காமல் கேளுங்கள்.